சாஸ் தனியா கிடையாது

எங்க கடைக்கு வர்றவங்க முதல்ல போர்டைப் படிச்சிட்டு உக்காருங்க. பாக்கெட் சாஸ் கிடையாது. கிண்ணத்துல தனியா சாஸ் கிடையாது. பர்கரோ ப்ரைஸோ, எது கேட்டாலும் எங்க வீட்டுல செஞ்ச சாஸை மேலேயே ஊத்தித்தான் தருவோம். "ஓரமா கொஞ்சம் வைங்களேன்", "எனக்கு மட்டும் இல்லாம குடுங்களேன்" இந்தக் கதையெல்லாம் நடக்காது. நெசமாவே வயித்துப்புண்ணு இருக்குன்னா வீட்டுக்குப் போயி மோர் குடிங்க, உடம்புக்கு நல்லது. இப்படி ஒரு அடாவடிக் கடையா, இவளுக்கு என்ன இவ்வளவு திமிருன்னு ஊருக்குள்ள கேக்குறாங்களாம். ஆமா, திமிருதான். அது எப்படி வந்துச்சுன்னு சொல்றேன்.

கும்பகோணத்துலேருந்து வலங்கைமான் போற பக்கம் எங்க ஊரு. பேரு சொல்ல மாட்டேன். பஸ் ஸ்டாப்பை ஒட்டி, ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு ஒரு வாய்க்கால் ஓடும். வாய்க்காலுக்கு அந்தாண்ட ஊர்த்தெரு. கோயிலு, தேரு, நெறைய வயலுன்னு இருந்த ஜனங்க. இந்தாண்ட எங்க தெரு. அவங்க வயல்ல நாத்து பறிச்சு, நட்டு, களையெடுத்து, அறுத்துப் போட்ட ஜனங்க. இப்ப எங்க தெருவுலயும் டீச்சர் இருக்காங்க, நர்ஸ் இருக்காங்க, சிங்கப்பூர் போனவங்க இருக்காங்க. எங்களுக்கே கொஞ்சம் நிலம் இருக்கு. அப்பா இருந்தப்ப வாங்குனது. காலம் மாறிடுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க, நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

நான் சென்னையில ஒரு பர்கர் கடையோட கிச்சன்ல ரொம்ப வருஷம் வேலை பாத்தேன். அப்பா போனதுக்கப்புறம் அம்மா தனியா இருக்குன்னு ஊருக்கு வந்துட்டேன். தம்பி ஐ.டி.ஐ. முடிச்சிட்டு ஊரூரா வேலை தேடி அலுத்துப்போயித் திரும்பி வந்திருந்தான். ரெண்டு பேரும் சேந்து பஸ் ஸ்டாப்புல கடை போட்டோம். காலேஜ் பஸ்ஸு நிக்கிற எடம், கூட்டத்துக்குக் குறைவில்ல. அவன் அடுப்பைப் பாத்துப்பான். சாஸ் என் பொறுப்பு.

பாக்கெட் சாஸ் மேல எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்ல. சென்னையில அதை வெட்டி வெட்டியே என் கட்டைவிரல் காச்சுப்போச்சு. பெரிய பெரிய பையில வரும், மூலைய கத்தரிச்சுப் பிதுக்க வேண்டியதுதான். எங்க வாங்கினாலும் ஒரே ருசி, எந்த மாசத்துலயும் ஒரே கலரு. சும்மா சொல்லக் கூடாது, அவசரத்துக்கு அது மாதிரி வராது. ஆனா தக்காளி சாஸ்னு எழுதியிருக்கும், தக்காளி அதுக்கு தூரத்துச் சொந்தம். சர்க்கரையும் சோளமாவும் புளிப்புத் தண்ணியும்தான் உள்ள. நாக்குல பட்டதும் இனிக்கும், அதோட சரி, தொண்டைக்குள்ள எறங்குறதுக்குள்ள மறந்துபோயிடும். சொந்தக் கடைன்னு ஒண்ணு போட்டா நம்ம சாஸ்தான்னு அங்க இருந்தப்பவே முடிவு பண்ணிட்டேன்.

ரெண்டே ரெண்டு சாஸ். ஒண்ணு வெள்ளை, ஒண்ணு கருப்பு.

வெள்ளை என்னோடது. பச்சை முட்டை மயோ கூடாதுன்னு அரசாங்கம் சொல்றதுக்கு முன்னாடியே நான் பாலுக்கு மாறிட்டேன். எங்க வீட்டுப் பசும்பாலைக் காய்ச்சி, ஆறவச்சு, ஃப்ரிட்ஜ்ல நல்லா ஜில்லுன்னு ஆனதும் பூண்டோட மிக்சியில போட்டு, எண்ணெயக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கிட்டே அடிக்கணும். கடைசியில எலுமிச்சம்பழம் பிழிஞ்சா கெட்டியா வெண்ணெய் மாதிரி திரண்டு வரும். இதெல்லாம் எவளும் செய்வா. நான் செய்றது என்னன்னா, மோர்மிளகாயைக் கருகுறதுக்கு ஒரு நொடி முன்னாடி வரைக்கும் எண்ணெயில வறுத்து, நொறுக்கி, அதுல கலந்துடுவேன். மோர்மிளகாயோட புளிப்பும் உப்பும் அந்தக் கருகல் வாசனையும் சேந்து, வாயில வச்சா ஆளு ஒரு நிமிஷம் பேச மாட்டான்.

கருப்பு அம்மாவோடது. மரவள்ளிக்கிழங்கு அவிச்சா தொட்டுக்கன்னு எங்க வீட்டுல ஒண்ணு செய்வாங்க. புளியைக் கெட்டியாக் கரைச்சு, சுட்ட மிளகாயும் தட்டுன பூண்டும் வெல்லமும் போட்டு, நல்லெண்ணெய் மேல மிதக்குற வரைக்கும் கொதிக்க விடுறது. கிழங்குக்கு ஆகுறது உருளைக்கிழங்குக்கு ஆகாதான்னு அம்மாதான் கேட்டுச்சு. தெனமும் மத்தியானம் ஒரு சட்டி வச்சு, சாயங்காலம் கடைக்குக் கொண்டாந்து குடுத்துட்டுப் போகும்.

கடை தொறந்தோம். பளபளன்னு சின்னச் சின்ன எவர்சில்வர் கிண்ணம் வாங்கியிருந்தேன். ஒரு பிளேட் ப்ரைஸுக்கு ரெண்டு கிண்ணம், ஒண்ணுல வெள்ளை, ஒண்ணுல கருப்பு. காலேஜ் பசங்க கிண்ணத்தை நக்காத குறை. இன்னொரு கிண்ணம் குடுங்கக்கான்னு வந்து நிப்பாங்க. எனக்கு ஏக குஷி.

ஆனா சில டேபிள்லேருந்து கிண்ணம் அப்படியே திரும்பி வந்துச்சு. ப்ரைஸ் காலி, பர்கர் காலி, சாஸ் மட்டும் வச்சது வச்ச மாதிரி. மேல ஒரு விரல் கோடு கூட இல்ல. எனக்கு மண்டை காஞ்சிடுச்சு. சமைக்கிறவளுக்கு மிச்சம் வர்றதை விட ஒரு வலி கெடையாது. என்ன தப்பு பண்ணேன்னு யோசிச்சேன். உப்புதான் தூக்கலா இருக்கு போல, மோர்மிளகாய்லயே உப்பு இருக்கேன்னு உப்பைக் குறைச்சேன். அப்பவும் திரும்பி வந்துச்சு. காரம்க்கான்னு தம்பி சொன்னான், மிளகாயைக் குறைச்சேன். பூண்டு வாடையோன்னு பூண்டைக் குறைச்சேன். கருப்புல வெல்லத்தைக் கூட்டச் சொல்லி அம்மாகிட்ட சண்டை போட்டேன். வாரக்கணக்கா இதே வேலை. போய்க் கேட்டா எல்லாரும் சிரிச்ச மொகமா ஒரு காரணம் வச்சிருந்தாங்க. ஒருத்தருக்கு அல்சர். ஒருத்தருக்கு டாக்டர் புளி கூடாதுன்னுட்டாராம். இன்னொருத்தருக்குப் பல்லு கூச்சம்.

அப்படித் திரும்பி வந்ததுல என் சிநேகிதியோட கிண்ணமும் ஒண்ணு. பள்ளிக்கூடத்துல என்னோட ஒரே பெஞ்ச். ஊர்த்தெருப் பொண்ணு. அவ புருஷன் சிங்கப்பூர்ல இருக்கான், அவ இங்க மாமியா வீட்டுல, அதே தெருவுலயே. பொண்ணை டியூஷன்ல விட்டுட்டு ஸ்கூட்டியில வந்து உக்காருவா. "என்னடி, முதலாளியம்மா ஆயிட்ட!"ன்னு கன்னத்தைக் கிள்ளுவா. படிக்கிறப்ப வாசல்ல விக்கிற மாங்கா பத்தையைப் பாதி கடிச்சுக் குடுத்திருக்கா, நானும் தின்னுருக்கேன். டிபன் பாக்ஸை மட்டும் நாங்க மாத்திக்கிட்டதே இல்ல. அது ஏன்னு அப்ப எனக்குத் தோணவே இல்ல, பாருங்க.

ஒரு நாள் சாயங்காலம் அம்மா புளிச்சட்டியோட வந்தப்ப நான் கிண்ணத்தையெல்லாம் அடுக்கி வச்சுக்கிட்டு தலையில கை வச்சு உக்காந்திருந்தேன். "இங்க பாரும்மா, இன்னிக்கும் இவ்வளவு மிச்சம். உப்பு இன்னும் கம்மி பண்ணவா?"

அம்மா கிண்ணத்தைப் பாக்கல. கடையைப் பாத்துச்சு. "இது எந்த டேபிள்லேருந்து வந்துச்சு? அங்க யாரு உக்காந்திருந்தா? அது?" நான் சொல்லச் சொல்ல, காலிக் கிண்ணத்தை ஒரு பக்கமும் நெறஞ்ச கிண்ணத்தை ஒரு பக்கமும் நகத்துச்சு. நெறஞ்சது முழுக்க ஊர்த்தெரு.

"உப்புல ஒண்ணும் இல்லடி கூறுகெட்டவளே. சென்னையில போய் இருந்துட்டு எல்லாத்தையும் மறந்துட்டு வந்திருக்க."

எனக்கு அப்பவும் புரியல. "அப்ப பர்கரை மட்டும் எப்படிம்மா திங்கிறாங்க? அதுவும் நான் குடுக்குறதுதானே?"

"அது பாக்கெட்டுல வருது. பன்னு பேக்கரியிலேருந்து வருது. கிழங்கு ஐஸ் பெட்டியிலேருந்து வருது. நீங்க எண்ணெயில போட்டு எடுக்குறீங்க, அவ்வளவுதான். எண்ணெயில பொரிச்சா தீட்டு ஒட்டாது. தண்ணி விட்டு அரைச்சதும், அடுப்புல வச்சுக் கொதிக்க விட்டதும்தான் நம்ம வீட்டுச் சாப்பாடு. அதை எப்படி வாயில வைப்பாங்க?"

வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி சொல்லுச்சு. அதுல கோவம் இல்ல, வருத்தம் கூட இல்ல. அந்தக் கணக்கு அதுக்கு மனப்பாடம். என் சிநேகிதியோட மாமியா வீட்டு வயல்லதான் அம்மா கல்யாணம் ஆகி வந்த நாள்லேருந்து நடவு நட்டுச்சு. மத்தியானம் தாகத்துக்குத் தண்ணி கேட்டா கொல்லைப்பக்கம் மாட்டுக்கொட்டகைகிட்ட நிக்கச் சொல்லுவாங்களாம். குனிஞ்சு ரெண்டு கையையும் குவிச்சு வாய்கிட்ட வச்சுக்கணும். அந்த வீட்டம்மா படியில நின்னுக்கிட்டு செம்பை ஒசரத் தூக்கி ஊத்துவாங்க. செம்பு கையில பட்டுடக் கூடாதுன்னு அவ்வளவு ஒசரம். பாதித் தண்ணி மூக்குல போகும், மீதி மாருல வழியும். "தண்ணி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள குளிச்சே முடிச்சிருவோம்"னு சொல்லிட்டு அம்மா சிரிச்சுச்சு. என்னால சிரிக்க முடியல.

இவங்க தின்ற சோறு யாரு நட்டது? எங்க வீட்டுப் பசுவோட பாலை அம்மா காலையில சொசைட்டியில கொண்டுபோயி ஊத்துது. அது எல்லார் வீட்டுப் பாலோடயும் கலந்து, பாக்கெட்டுல ஏறி, இவங்க வீட்டுக் காபியில போய் நுரைக்குது. அதே பாலை நான் மிக்சியில அடிச்சுக் குடுத்தா அல்சராம், பல்லு கூச்சமாம்! ஒரு பிளாஸ்டிக் உறை போட்டா சுத்தமாயிடுது. உறையைக் கிழிச்சு நாம கை வச்சா அசிங்கமாயிடுது. இந்த லட்சணத்துல நான் வாரக்கணக்கா உப்பை அளந்துக்கிட்டு உக்காந்திருக்கேன். என் சாஸை நானே கெடுத்து வச்சிருக்கேன். அதை நெனச்சப்பதான் எனக்கு அழுகையே வந்துச்சு.

"பாக்கெட் வாங்கி வை. பொழப்பைப் பாரு"ன்னு அம்மா சொல்லுச்சு. "நம்ம வயலுக்குத் தண்ணி அவங்க வரப்பைத் தாண்டித்தான் வரணும். மறந்துராத."

தம்பியும் அதையேதான் சொன்னான். கும்பகோணம் போயி ஒரு அட்டைப்பெட்டி நெறைய சின்னச் சின்ன பாக்கெட் வாங்கிட்டு வந்தான். சிவப்புல ஒண்ணு, வெள்ளையில ஒண்ணு. வியாபாரம் அதோட ஏறுச்சு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஊர்த்தெருக்காரங்க உக்காந்தா தம்பியே ஓடிப்போயி பாக்கெட் வச்சிடுவான், எங்க தெருவோ காலேஜ் பசங்களோ வந்தா கிண்ணம். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்குவேன். பல்லால பாக்கெட்டைக் கிழிக்கிற அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு ஒடம்பெல்லாம் பத்தும். சிநேகிதி ஒரு படி மேல. சிங்கப்பூர்லேருந்து புருஷன் அனுப்புன சில்லி சாஸ் பாட்டிலையே பையில போட்டுக் கொண்டாருவா. "இதைத் தொட்டுச் சாப்பிட்டுப் பாருடி, அப்புறம் உங்க சாஸெல்லாம் மறந்துடுவ"ன்னு எனக்கே ஊத்துவா. நானும் தொட்டுச் சாப்பிட்டேன். அவ வீட்டு பாட்டிலு எனக்கு ஒட்டாதுல்ல!

இப்படியே ஓடியிருக்கும். பார்சல்தான் கெடுத்துச்சு.

பார்சலுக்கு நான் எல்லாருக்கும் ஒரே மாதிரி மூடி போட்ட சின்ன டப்பியில எங்க சாஸைத்தான் வச்சுக் குடுத்தேன். அதுல தம்பியைத் தலையிட விடல. வீட்டுக்குக் கொண்டுபோனா யாரு பாக்கப் போறா, ஒரு சொட்டாவது நாக்குல படாதான்னு ஒரு நப்பாசை. படலன்னா கூட எனக்குத் தெரியாமப் போயிடும்னு நெனச்சேன். ஒரு நாள் காலையில மொபெட்ல ரொட்டி வாங்கப் போறேன், ஊர்த்தெருவுக்குத் திரும்புற மதகுகிட்ட வாய்க்கால்ல தண்ணி கம்மியா ஓடுது. ஆகாயத்தாமரை ஓரமா என்னமோ வெள்ளை வெள்ளையா மினுக்குச்சு. எறங்கிப் பாத்தேன். அத்தனையும் என் டப்பி. மூடி தொறக்கவே இல்ல. உள்ள என் வெள்ளையும் அம்மாவோட கருப்பும் அப்படியே இருந்துச்சு. வீடு வரைக்கும் கூட கொண்டுபோகல. தெருவுக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடியே மதகுல வீசிட்டுப் போயிருக்காங்க.

சேத்துல எறங்கி ஒவ்வொண்ணாப் பொறுக்கினேன். அந்த வழியா போனவங்க என்னத்தைத் தேடுறன்னு கேட்டாங்க. என் மானத்தைத் தேடுறேன்னு சொன்னேன். அவங்களுக்கு என்ன புரிஞ்சுச்சோ, போயிட்டாங்க.

கடைக்கு வந்து டப்பியையெல்லாம் தம்பி முன்னாடி கொட்டினேன். "இன்னிலேருந்து பாக்கெட் கிடையாது. கிண்ணம் கிடையாது. டப்பியும் கிடையாது. மேலேயே ஊத்தித்தான் குடுப்போம். வேணும்னா தின்னட்டும், வேணாம்னா நடையைக் கட்டட்டும்."

"ஊறிப்போயிடும்க்கா. மொறுமொறுப்பு போயிடும்."

"போகட்டும்."

"வியாபாரம் படுத்துடும்க்கா!"

"படுக்கட்டும்டா. பாக்கெட் சாஸ் ஊத்தித்தான் இந்தக் கடை நிக்கணும்னா அது எதுக்கு நிக்கணும்?"

மிச்ச பாக்கெட்டையெல்லாம் வாங்குன கடையிலேயே திருப்பிக் குடுத்துட்டு, வர்ற வழியில பெயிண்ட் வாங்கிட்டு வந்து நானே போர்டு எழுதினேன். எழுத்து கோணலாத்தான் இருக்கும், பாத்திருப்பீங்க. உப்பு, காரம், பூண்டு எல்லாத்தையும் பழைய அளவுக்கே கொண்டுபோனேன். தம்பி என்கூடப் பேசாம இருந்தான். அம்மா தலையில அடிச்சுக்கிச்சு, ஆனா மறுநாளும் புளிச்சட்டியைக் கொண்டாந்து வச்சுச்சு.

அவன் சொன்ன மாதிரியே கூட்டம் கொறஞ்சுச்சு. போர்டைப் பாத்துட்டு பைக்கை நிறுத்தாமப் போனவங்க உண்டு. எதுத்தாப்புல டீக்கடையில உக்காந்து எங்களைக் காட்டிக் காட்டிச் சிரிச்சவங்களும் உண்டு. அதே ஊர்த்தெருவுலேருந்து காலேஜ் படிக்கிற ரெண்டு பொண்ணுங்க மட்டும் வந்து, ஊத்தச் சொல்லி, விரலை நக்கிக்கிட்டே தின்னுட்டுப் போவாங்க. அதையும் சொல்லணும்ல. எல்லாரையும் ஒரே தராசுல நிறுக்க நான் என்ன அவங்களா? ஆனா அந்தப் பொண்ணுங்களால மட்டும் கடை நடக்காது. இந்த மாசம் தாண்டுமான்னு தம்பி தெனமும் வாய் விட்டே கேக்க ஆரம்பிச்சான். அடுப்பை மூட வேண்டியதுதானோன்னு எனக்கும் உள்ளுக்குள்ள உதறல் இருந்துச்சு. வெளிய காட்டிக்கல.

அப்பதான் சிநேகிதி வந்தா. ரொம்ப நாள் கழிச்சு. அம்மாவும் அப்பத்தான் சட்டியை எறக்கி வச்சிட்டு மூலையில முக்காலியில உக்காந்திருந்துச்சு. சிநேகிதி அம்மாவைப் பாத்து, "என்ன, நல்லாருக்கியா?"ன்னா. பஸ்ஸுல யாருன்னே தெரியாத கெழவியைக் கூட வாங்க போங்கன்னு கூப்பிடுறவ. எங்கம்மான்னா மட்டும் அது வராது. அம்மா எந்திரிச்சு நின்னு, "நல்லாருக்கேங்க"ன்னுச்சு.

"பொண்ணுக்குப் பொறந்தநாள் வருதுடி. அவங்கப்பா சிங்கப்பூர்லேருந்து வர்றாரு. பெரிசா பண்றோம். தெரு முழுக்க, அவ ஸ்கூல் பிள்ளைங்க, சொந்தக்காரங்க எல்லாருக்கும் பர்கரும் ப்ரைஸும். உன்னை விட்டா எனக்கு யாருடி இருக்கா?"

தம்பி மொகம் விளக்குப் போட்ட மாதிரி ஆயிடுச்சு. அந்த ஒரு ஆர்டர் வந்தா கடை பொழச்சுக்கும். அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், மூலையில நிக்கிற அம்மாவுக்கும் தெரியும். அவளை உக்காரச் சொல்லிட்டு ஓடிப்போயி சூடா ஒரு பிளேட் ப்ரைஸ் போட்டுக் கொண்டாந்து அவ முன்னாடி வச்சான். போர்டையெல்லாம் மறந்துட்டு, சாஸ் இல்லாம வெறும் ப்ரைஸ்.

நான் கருப்புச் சட்டியிலேருந்து ஒரு கரண்டி மொண்டுக்கிட்டுப் போனேன். அவ உள்ளங்கையை வச்சு பிளேட்டை மூடிட்டா. "ஐயோ வேணாம்டி. நான் கொண்டாந்திருக்கேன்." கைப்பையிலேருந்து சின்ன பாக்கெட் ஒண்ணை எடுத்து டேபிள் மேல வச்சா. "ஆர்டருக்கும் இப்படியே பண்ணிடு. சாஸ் நானே மொத்தமா வாங்கிக்கிறேன். நீ வெறுமனே குடு, போதும்."

"ஏன்?"

"பிள்ளைங்க சாப்பிடுறதுடி."

"பிள்ளைங்க சாப்பிட்டா என்ன? இங்க காலேஜ் பிள்ளைங்க தெனமும் சாப்பிடுது."

"காரம் ஒத்துக்காது."

"காரம் இல்லாம செஞ்சு தரேன். வெல்லம் போட்டு."

அவ சுத்தும் முத்தும் பாத்தா. குரலை எறக்கிக்கிட்டு, "வீட்டுல பெரியவங்க இருக்காங்க. உனக்குத் தெரியாதா? நானாடி சொல்றேன்?"ன்னா.

"எனக்குத் தெரியும். உன் வாயால சொல்லு. என் சாஸ்ல என்ன இருக்குன்னு சொல்லு. நீ சொல்லிட்டா நான் வெறும் பர்கரே தரேன்."

சத்தியமா சொல்றேன், அவ அன்னிக்குச் சொல்லியிருந்தா நான் குடுத்திருப்பேன். இத்தன நாளா அல்சரு, பல்லு, டாக்டருன்னு ஒவ்வொருத்தரும் சிரிச்சுக்கிட்டே என்னை முட்டாளாக்குனதுக்கு, ஒருத்தியாவது மொகத்தைப் பாத்து உள்ளதைச் சொல்லட்டும்னு இருந்துச்சு. அவளுக்கு மொகம் செவந்துபோச்சு. "நமக்குள்ள என்னடி இதெல்லாம்? நான் என்னிக்காவது உன்கிட்ட வித்தியாசம் பாத்திருக்கேனா?"ன்னு கண்ணு கலங்கக் கேட்டா. கேட்டுக்கிட்டே பிளேட் மேல வச்ச கையை மட்டும் எடுக்கல.

"அக்கா, விடுக்கா"ன்னு தம்பி கெஞ்சுறான். அம்மா மூலையிலேருந்து வந்துச்சு. அதுவும் விடுன்னுதான் சொல்லப் போகுதுன்னு நெனச்சேன். என் கையிலேருந்து கரண்டியை வாங்கிக்கிச்சு. சரி, சட்டியில திருப்பி ஊத்தப் போகுது, ஆர்டரை வாங்கிக்கப் போகுது, இவ்வளவுதான் நம்ம வீராப்புன்னு எனக்கு உள்ள எல்லாம் விட்டுப்போச்சு.

அம்மா நேரா டேபிள்கிட்ட போச்சு. "கையை எடு"ன்னுச்சு.

சிநேகிதி திடுக்கிட்டு கையை எடுத்துட்டா. அம்மா கரண்டியை மெல்ல ஒசரத் தூக்குச்சு. நெஞ்சு வரைக்கும், அப்புறம் தலை வரைக்கும், அப்புறம் கை எட்டுற மட்டும், நடவு நட்டு வளைஞ்ச முதுகு நிமிர்ற மட்டும். அங்கேருந்து சரிச்சுச்சு. புளிச்சாறு நூலு மாதிரி எறங்கி ப்ரைஸ் மேல விழுந்துச்சு. பாக்கெட் மேல கொஞ்சம் தெறிச்சுச்சு. அவ புடவையிலயும் ஒரு பொட்டு.

"ஒசரத்துலேருந்துதான் ஊத்துறேன். கரண்டி தட்டுல படல. ஒட்டாது. சாப்பிடு."

அவ அம்மாவைப் பாத்தா, என்னைப் பாத்தா. அது என்னன்னு அவளுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. அந்த வீட்டுக் கொல்லைப்படி இன்னும் அங்கதானே இருக்கு. கைப்பையை மாட்டிக்கிட்டு எந்திரிச்சா, ஸ்கூட்டியை எடுத்துட்டுப் போயிட்டா. பாக்கெட்டு டேபிள் மேலேயே கெடந்துச்சு.

"போச்சு, எல்லாம் போச்சு"ன்னு தம்பி தலையில கை வச்சான். "அம்மா, நீயுமா? நாளைக்கு வயலுக்குத் தண்ணி விடலன்னா என்ன பண்ணுவ?"

"மேட்டூர் தண்ணி என்ன அவங்க அப்பன் வீட்டுதா? வரும். விடலன்னா நான் போயி வரப்புல நிக்கிறேன், நீ உன் வேலையைப் பாரு."

சொல்லிட்டு, அவ உக்காந்திருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மா உக்காந்துச்சு. கடை தொறந்ததுலேருந்து அது முக்காலியைத் தவிர எதுலயும் உக்காந்ததே இல்ல. இந்தக் கண்றாவியெல்லாம் எனக்கு எதுக்குன்னு ஒரு துண்டு ப்ரைஸ் கூட வாயில வச்சதில்ல. பாக்கெட்டை ஒரு விரலால ஓரமாத் தள்ளிட்டு, பிளேட்டைத் தன் பக்கம் இழுத்து, சாஸ் நல்லா ஊறுனதா பாத்து ஒண்ணை எடுத்துத் தின்னுச்சு. இன்னொண்ணு. இன்னொண்ணு. பிளேட் காலியாகுற வரைக்கும் நான் கரண்டியைப் புடிச்ச மாதிரியே காத்துல கையை வச்சுக்கிட்டு நின்னேன்.

விரலை நக்கிட்டு அம்மா என்னை நிமிந்து பாத்துச்சு.

"உப்பெல்லாம் சரியாத்தான்டி இருக்கு."